தென்னந்தோப்புக்கு வந்திருக்கும் சந்தன நிறப் புறா: கள்ளிப்புறாவா, கடைப்புறாவா?

தோப்புவாசி (கொழிஞ்சாம்பாறை) | ஞாயிறு, காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் தோப்பு. போன புதன்கிழமையிலிருந்து மோட்டார் ரூம் கம்பியில் ஒரு புறா வந்து உட்காருகிறது. சந்தனத்தை நீர்க்கக் கரைத்தால் வருமே, அந்த நிறம். பிடரியில் கறுப்பாக அரை வளையம். கள்ளிப்புறாவுக்கும் அதே வளையம் உண்டு என்பது தெரியும், ஆனால் எங்கள் தோப்புக் கள்ளிப்புறா ஆள் பத்தடி தள்ளி வந்தாலே எழுந்து பறந்துவிடும், இதுவோ கோழிக்குக் கம்பு இறைக்கிற இடத்தில் காலடிக்கே வந்து பொறுக்குகிறது. நேற்று என் மகள் உள்ளங்கையில் கம்பை வைத்து நீட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு நடந்து வந்து கையிலேயே கொத்தியது.

பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் இதை அரிப்ராவு என்கிறார். அது மணிப்புறாவுக்கு மலையாளத்தில் சொல்வது, இதன் கழுத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. வெளிர் புறா வீடு தேடி வந்தால் நல்லது, விரட்டாதே என்று அம்மா சொல்கிறார். விரட்டப் போவதில்லை. இது என்ன, எங்கிருந்து வந்தது, இதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்பதுதான் தெரிய வேண்டும்.

செங்கோட்டை ரயிலடி | ஞாயிறு, காலை 8:15

நிறம் வெளுத்த கள்ளிப்புறாவாக இருக்கும் தம்பி. காகத்திலேயே வெள்ளை பார்த்திருக்கிறேன், மைனாவில் பார்த்திருக்கிறேன். அபூர்வம், படம் எடுத்து வையுங்கள்.

மழைநிழல் (சித்தூர், பாலக்காடு) | ஞாயிறு, மதியம் 1:05

அண்ணன் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் நிறம் வெளுத்தாலும் காட்டுப்பறவையின் பயம் போகாது, கையில் வந்து தின்னாது. அதனால் எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போகிறது, கடையில் விற்கிற வளர்ப்பு வளையப்புறா தப்பி வந்ததோ என்று. தோப்புவாசி, படம் எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் குரல். கள்ளிப்புறா மூன்று அடியாகக் கூவும், கு-கூஊ-கு, நடு அடி நீளம், அதையே சலிக்காமல் திரும்பத் திரும்ப. வளர்ப்பு வளையப்புறா அப்படிக் கூவாது, முதலில் ஒரு கூ, அப்புறம் தொண்டைக்குள் உருளை உருட்டுவது போல நீண்ட க்ர்ர்ரூ. அதோடு ஓரிடத்தில் வந்து இறங்கும்போது ஹெ-ஹெ-ஹெ என்று ஆள் சிரிப்பது போல ஒரு சத்தம் போடும். கள்ளிப்புறா பறக்கும்போது மூக்கால் கத்துவது போலக் கரகரப்பாக ஒரு சத்தம் போடுமே தவிர, சிரிக்காது.

அடுத்தது வால். கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். வால் ஆரம்பிக்கும் இடத்தை மூடியிருக்கிற சின்னச் சின்ன இறகுகள் கள்ளிப்புறாவுக்குச் சாம்பல் நிறம், வளர்ப்புப் புறாவுக்கு வெள்ளை. வெளிர் புறாவில் எல்லாருமே முதுகையும் கழுத்தையும் பார்த்து ஏமாந்து போவார்கள், வாலடியைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, சிறகின் ஓரம். மடக்கி வைத்திருக்கும்போது வாலை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் நீள இறகுகள் கள்ளிப்புறாவுக்குக் கரும்பழுப்பாக, உடம்பிலிருந்து பிரிந்து தெரியும். வளர்ப்புப் புறாவுக்கு அவையும் வெளிர்தான். அளவும் கொஞ்சம் சின்னது. கள்ளிப்புறா 32 சென்டிமீட்டர் வரும், இது 26 பக்கம்.

தோப்புவாசி | திங்கள், காலை 6:50

அக்கா சொன்னபடியே மோட்டார் ரூம் வாசலில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். நல்ல வெளிச்சம். வாலடி வெள்ளை, சந்தேகமே இல்லை. பக்கத்துக் கம்பியில் ஒரு கள்ளிப்புறாவும் இருந்ததால் ஒப்பிட வசதியாகப் போயிற்று, அதன் வாலடி சாம்பல், சிறகு நுனி கிட்டத்தட்டக் கறுப்பு. நம்முடையதற்கு எல்லாமே ஒரே வெளிர் நிறம், கண் மட்டும் செந்தூரச் சிவப்பு. கால் பழைய ரோஜா நிறம், இடது காலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வளையம்! இத்தனை நாள் இதை நான் கவனிக்கவே இல்லை.

சிரிப்பும் கேட்டாயிற்று. கம்பியிலிருந்து ஓட்டின் மேல் இறங்கியதும் சிரித்தது. என் மகள் அன்றே சொன்னாள், அப்பா அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று. நான்தான் காதில் வாங்கவில்லை.

மழைநிழல் | திங்கள், காலை 9:20

அப்படியானால் முடிந்தது, இது வளர்ப்பு வளையப்புறா. கால் வளையம் இருப்பதால் கூண்டில் பிறந்தது என்பதும் உறுதி. கடைகளில் ரிங் நெக் டவ் என்று விற்கிறார்கள். முழு வெள்ளையாக மேடை வித்தைக்காரர்கள் கைக்குட்டையிலிருந்து எடுப்பதும் பெரும்பாலும் இதே இனம்தான்.

இதன் மூதாதை நம் நாட்டுப் புறாவே அல்ல. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே வறண்ட முள்காட்டுப் பட்டையிலும், செங்கடலைத் தாண்டி அரேபியாவின் தென்மேற்கு மூலையிலும் இருக்கிற ஆப்பிரிக்க வளையப்புறாவை மனிதர்கள் பிடித்து வளர்த்து, நூற்றாண்டுக் கணக்காகக் கூண்டிலேயே பெருக்கி வந்த வகை இது. தலைமுறை தலைமுறையாக வல்லூறு தெரியாது, பாம்பு தெரியாது, இரை தேடவும் தெரியாது. வெளிர் நிறத்தை மனிதன் தேர்ந்து எடுத்தான். தென்னை ஓலை நிழலில் அந்த நிறம் விளக்கு ஏற்றி வைத்தது போலத் தெரியும். கள்ளிப்புறாவின் மண் சாம்பல் நிறத்தை நம் கரிசல் காட்டில் வைத்துப் பாருங்கள், நாலடியில் இருந்தாலும் கண்ணுக்குச் சிக்காது.

இன்னொன்று. கேரளத்தில் மணிப்புறா எங்கும் உண்டு, ஆனால் கள்ளிப்புறா மழை கொட்டுகிற பக்கம் அதிகம் கிடையாது, நம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, அந்தப் பக்கம் மறையூர், சின்னாறு என்று காய்ந்த ஊர்களில்தான். மலைக்கு மேற்கே இருப்பவர்கள் இந்தச் சந்தன நிறப் புறாவைப் பார்த்துவிட்டுக் கள்ளிப்புறா வந்துவிட்டது என்று பதிவு போடுவதை நானே இரண்டு முறை திருத்தியிருக்கிறேன். அதனால்தான் வாலடி, வாலடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கூண்டுக்காரர் (பொள்ளாச்சி) | திங்கள், இரவு 9:35

பதினெட்டு வருஷமாக இந்த இனத்தை வளர்க்கிறேன். இப்போது எட்டு ஜோடி. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது, ரெண்டும் ஒன்றுபோல இருக்கும், ரெண்டும் கூவும். ஆண் கூவும்போது தலையைக் குனிந்து குனிந்து எழும், தொண்டை ஊதும். ஜோடி சேர்த்துவிட்டால் உடனே முட்டை கிடையாது. ஒரு வாரம், பத்து நாள் குனிவதும் கொஞ்சுவதும் கூட்டுக்கு இடம் பார்ப்பதுமாகப் போகும். ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டு வரும், பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கித் தன் கீழே செருகிக்கொள்ளும். இந்தக் குனிவும் குச்சியும் வெறும் விளையாட்டு அல்ல. ஆண் கூவுவதைப் பெண் பார்த்தாலே அதன் உடம்பில் சுரப்புகள் மாறி முட்டை உருவாக ஆரம்பிக்கும், நடுவில் கண்ணாடித் தடுப்பு இருந்தாலும்கூட. அமெரிக்காவில் டேனியல் லெர்மன் என்ற விஞ்ஞானி 1950களிலும் 60களிலும் இதே புறாவை வைத்துத்தான் இதையெல்லாம் காட்டினார்.

முட்டை ரெண்டு. முதல் முட்டை அநேகமாகச் சாயங்காலம், ஐந்து மணி வாக்கில். அடுத்த நாள் ஒன்றும் இருக்காது, புதிதாக வளர்ப்பவர்கள் பயந்து போன் பண்ணுவார்கள். அதற்கு மறுநாள் காலையில் ரெண்டாவது வந்துவிடும். பதினான்கு நாள் அடை. நடுப்பகலில் ஆறு மணி நேரம் ஆண் உட்காரும், மீதி நேரமெல்லாம் பெண். கடிகாரம் வைத்தது போல நடக்கும். ஆண் வந்து பக்கத்தில் நின்றதும் பெண் எழுந்து போய்த் தின்று, குடித்து, சிறகை நீவி வெயில் காயும்.

குஞ்சு பொரித்ததும் தாய் தகப்பன் ரெண்டுக்குமே தொண்டைப்பையில் பால் சுரக்கும். பால் என்றால் தயிர்க்கட்டி மாதிரி, கொழுப்பும் புரதமும். முதல் சில நாள் அதைத் தவிர வேறு எதுவும் கொடுக்காது. குஞ்சு தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டு உறிஞ்சுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், ரெண்டு தலையும் சேர்ந்து ஆடும். ரெண்டு வாரம் கழிந்ததும் கூட்டை விட்டு இறங்கிவிடும், பிடரி வளையம் அப்புறம்தான் மெல்ல வரும். நல்ல ஜோடி வருஷத்தில் பல ஈடு எடுக்கும்.

தோப்புவாசி, தயவு செய்து அதைப் பிடித்து ஒரு கூண்டில் விடுங்கள். கம்பு, தினை, உடைத்த சோளம், கொஞ்சம் முட்டை ஓட்டுத் தூள், தண்ணீர் போதும். தண்ணீர்க் கிண்ணம் ஆழமாக இருக்கட்டும். கோழி மாதிரி தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்காது, அலகை முக்கி ஒரே மூச்சில் உறிஞ்சும். கூண்டு இல்லையென்றால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், ஒரு பைசா வேண்டாம்.

திறந்த வானம் (கம்பம்) | திங்கள், இரவு 10:10

எனக்கு இதில் உடன்பாடில்லை. தானாகத் தப்பித்து வந்த பறவையைத் திரும்பக் கூண்டில் அடைப்பது எந்த நியாயம்? தோப்பு இருக்கிறது, கம்பு கிடைக்கிறது, அதன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கூண்டில் கிளி வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். அந்தக் கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மழைநிழல் | செவ்வாய், காலை 5:55

உங்கள் கோபம் நியாயம்தான். கிளி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம். கிளி, முனியா, மணிப்புறா, கள்ளிப்புறா எல்லாம் நம் காட்டுப்பறவை, பிடித்து அடைப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது வேறு. இதற்குத் திரும்பிப் போக இங்கே காடு இல்லை. வெளியே இருப்பது இதற்கு விடுதலை கிடையாது, சில வாரத் தவணை மட்டும்தான். வல்லூறு பார்க்கும்வரை.

வல்லூறு பார்க்காமல் தப்பினால்? அங்கேதான் எனக்கு அதிகக் கவலை. இது கள்ளிப்புறாவோடு ஜோடி சேரும். கேனரி தீவுகளில் அப்படிக் கலந்திருக்கிறது. அப்புறம் நோய். புறாக்களுக்குத் தொண்டையில் மஞ்சளாகப் புண் கட்டிச் சாப்பிட முடியாமல் சாகிற வியாதி ஒன்று உண்டு, ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடித்தாலே தொற்றும், அந்தப் புறாவைத் தின்கிற வல்லூறையும் பிடிக்கும். நெருக்கிப் போட்டு வளர்க்கிற இடங்களில் அது எளிதாகப் பரவும்.

நாலு புறா வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நம் கள்ளிப்புறாவின் கதையைத்தான். 1974இல் பஹாமாஸ் தீவுகளில் ஒரு பறவைக் கடையில் திருடன் புகுந்தபோது சில கள்ளிப்புறாக்கள் தப்பிவிட்டன. கடைக்காரர் மிச்சத்தையும் திறந்துவிட்டார். எல்லாம் சேர்த்து ஐம்பது பக்கம்தான். அவை கடல் தாண்டி ஃபுளோரிடா போய்ச் சேர்ந்தன. அங்கே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? வீட்டில் வளர்க்கிற வளையப்புறா ஏதோ தப்பி வந்திருக்கிறது, நிலைக்காது என்று. நாம் இங்கே செய்கிற அதே தவறு, தலைகீழாக. 1980களின் நடுவில்தான் இது கள்ளிப்புறா என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள், அதற்குள் அது நன்றாக ஊன்றிவிட்டது. இன்று அமெரிக்காவின் மேற்குக் கரைவரை கூவிக்கொண்டிருக்கிறது. கரீபியன் கடலில் இருக்கிற குவாதலூப் தீவில் எரிமலை வெடிக்கப்போகிறது என்று பயந்து திறந்துவிட்ட புறாக்களும் தனியாக ஒரு கூட்டமாகப் பெருகின.

ஐரோப்பாவுக்குக் கள்ளிப்புறாவை யாரும் கொண்டுபோகவில்லை, தானாகவே போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கி, பால்கன் ஓரத்தில் நின்றிருந்தது, 1950களில் இங்கிலாந்தில் கூடு கட்டியது. இரண்டு முட்டை, நாலு குச்சி, வருஷத்தில் பல ஈடு, தானியம் சிந்துகிற இடமெல்லாம் வீடு. இந்தக் குணம் இருக்கிற குடும்பத்தில் யாரைத் திறந்துவிட்டாலும் நாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

பெர்த்தில் ஒரு நாகர்கோவில் | செவ்வாய், காலை 8:30

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்யாணம் ஆகி ஆஸ்திரேலியா வந்த முதல் வாரம், சமையலறை ஜன்னலுக்கு வெளியே மணிப்புறா கூவியது. களியக்காவிளையில் பாட்டி வீட்டுக் கொல்லையில் கேட்ட அதே குரல். ஒரு நிமிஷம் நான் எங்கே இருக்கிறேன் என்றே மறந்துவிட்டது. அப்புறம் சின்னத் தவிட்டுப்புறாவும் வந்தது, நெஞ்சில் செம்புள்ளி தூவினது போல இருக்குமே, அது. ரெண்டையும் 1898இல் இங்கே மிருகக்காட்சிசாலையிலிருந்து வெளியே விட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்று ரயில் நிலையம், பள்ளிக்கூடம், காபிக்கடை வாசல் எங்கும் இவைதான். எனக்கு அவை ஊர் மணம், இந்த மண்ணுக்கு அவை வந்தேறிகள். ரெண்டும் உண்மை. ஆனாலும் நான் ஊருக்கு வந்தால் மணிப்புறாவைப் பார்த்ததும் கண் கலங்குவேன், இங்கே பார்த்தால் பறவைத் தட்டில் தானியம் வைப்பதில்லை.

தோப்புவாசி | செவ்வாய், இரவு 8:00

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். இங்கிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் படத்துக்காகப் புறா பறக்கவிட்டிருக்கிறார்கள். எட்டு புறா, பெட்டியில் வந்ததாம். அங்கே பந்தி பரிமாறிய பையன் என் மகளோடு படிக்கிறவனின் அண்ணன். ரெண்டு அன்றைக்கே பந்தல் விளக்குக் கம்பத்தில் மோதி விழுந்துவிட்டன, ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போயிற்று என்று சொன்னான். மீதி ஐந்தில் ஒன்று இது. மற்ற நாலும் எங்கே என்று யாரும் தேடவில்லை, தேட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை. இனி எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இது கிடையாது, கேட்கிற சொந்தக்காரர்களிடமும் சொல்வேன்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. இன்று காலை கள்ளிப்புறா ஒன்று அதன் முன்னால் கம்பியில் நின்று குனிந்து குனிந்து கூவியது. பிறகு நேராக மேலே ஏறி, சிறகையும் வாலையும் விரித்து வழுக்கிக்கொண்டே கீழே வந்தது. மதியம் பார்த்தால் ரெண்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை மற்றது கோதுகிறது.

கூண்டுக்காரர் | செவ்வாய், இரவு 8:20

அப்படியானால் உங்களுடையது பெண். இனி நாள் கடத்த வேண்டாம். கூடு கட்டி முட்டை வைத்துவிட்டால் கூட்டைத் தொடக்கூடாது, அதில் கள்ளிப்புறாவும் பங்கு. கோழி மூடுகிற பஞ்சாரத்தை ஒரு குச்சியில் சாய்த்து வையுங்கள், கீழே கம்பு. அதிகாலையில், கள்ளிப்புறா இறங்குவதற்கு முன்னால்.

தோப்புவாசி | வியாழன், காலை 7:15

பிடித்தாயிற்று. பஞ்சாரம்கூடத் தேவைப்படவில்லை. மகள் கையை நீட்டினாள், வந்தது, மெதுவாக மறுகையால் மூடினாள். அதன் நெஞ்சு உள்ளங்கையில் அடித்ததை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பொள்ளாச்சி அண்ணன் இன்று மாலை வருகிறார். கள்ளிப்புறா கம்பியிலிருந்து கூவிக்கொண்டே இருக்கிறது, அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

திறந்த வானம் | வியாழன், காலை 9:00

மண்டபத்துக் கதையைப் படித்தபிறகு எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. பெரிய கூண்டாகப் போடுங்கள் அண்ணா, சிறகை விரிக்கிற அளவுக்கு.

கூண்டுக்காரர் | அடுத்த புதன், மதியம் 2:30

பத்தடி நீளம், ஆறடி உயரக் கூண்டில் தனியாகத்தான் இருக்கிறது அம்மா. எடை தேறிவிட்டது, தொண்டையில் புண் இல்லை, பார்த்துவிட்டேன். என் மற்ற புறாக்களோடு சேர்க்க ஒரு மாதமாவது ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு ஒரு முட்டை வைத்தது. செவ்வாய் காலை இன்னொன்று. கள்ளிப்புறாவோடு சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் ரெண்டையும் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முட்டை வைத்திருக்கிறேன். முட்டையே இல்லாமல் விட்டால் உடனே அடுத்த ஈடு வைத்து உடம்பு தேய்ந்துபோகும், பொய் முட்டை என்றால் நாள் கணக்குக்கு அடை உட்கார்ந்துவிட்டுத் தானாக எழும்.

நன்றாகத்தான் உட்காருகிறது. பகல் பத்து மணி ஆனால் மட்டும் எழுந்து கூட்டின் விளிம்பில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறது. ஆண் மாற்ற வரவேண்டிய நேரம் அது. கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கிப் போய் அலகை முக்கித் தண்ணீர் குடிக்கும், திரும்பி வந்து தானே உட்கார்ந்துகொள்ளும். இன்றும் அப்படித்தான்.

தோப்புவாசி | புதன், இரவு 7:45

மகளிடம் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்கிறாள். கள்ளிப்புறா திங்கட்கிழமைவரை மோட்டார் ரூம் கம்பியில் தனியாகக் கூவியது. நேற்றிலிருந்து பக்கத்தில் இன்னொன்று உட்காருகிறது, வாலடி பார்த்துவிட்டேன், சாம்பல்.